ஒரே தெரு, ஐந்து அச்சோவியங்கள்: சுருகாச்சோவில் மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் அடிக்கடி கண்ணில் படும். தூரம் போகப் போகப் பொருள் சிறுத்து, கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் வரையும் மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ் முறையை ஜப்பானிய ஓவியர்கள் அரைகுறையாகத்தான் கற்றார்கள் என்பது ஒன்று. நிலக்காட்சி அச்சோவியங்களுக்குப் பெயர்பெற்ற ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் அதைப் பொருட்படுத்தாத தூய கிழக்கத்திய ஓவியர்கள் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு என்பது என் கருத்து. அதைக் காட்ட எடோ நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தெருவையோ அதிலிருந்த கடையையோ சுமார் 130 ஆண்டு இடைவெளிக்குள் ஐந்து ஓவியர்கள் அச்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். இடம் மாறாததால், மாறியது பார்வை மட்டும்தான் என்று துணிந்து சொல்லலாம்.

தெருவும் கடையும்

தெருவின் பெயர் சுருகாச்சோ. ஃபுஜி மலை இருக்கும் சுருகா மாநிலத்தின் பக்கம் பார்த்த தெரு. வானம் தெளிவாக இருந்தால் தெருமுனையில் மலை தெரியும். பெயரே அதனால் வந்ததுதான். மிட்சுயி தகதோஷி 1673ல் எடோவில் தொடங்கிய எச்சிகோயா என்ற ஜவுளிக்கடை 1683ல் இந்தத் தெருவுக்கு இடம் மாறியது. அதுவரை பெரிய ஜவுளி வியாபாரிகள் பணக்கார வீடுகளுக்குத் துணியை எடுத்துச் சென்று, விலையைக் கூட்டிச் சொல்லி, பேரம் பேசி, கடனுக்கு விற்றார்கள். எச்சிகோயா கடையிலேயே ரொக்கத்துக்கு, சொன்ன விலைக்கு விற்றது. ‘ரொக்கம் மட்டும், கூட்டிச் சொன்ன விலை இல்லை’ என்பதைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். கடை வளர்ந்து தெருவின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது.

ஓவியருக்கு இதைவிட வசதியான தெரு கிடைக்காது. நேரான சாலை, இரு பக்கமும் ஒரே மாதிரி நீளமான கட்டடங்கள், கோடியில் ஃபுஜி. பெர்ஸ்பெக்டிவ் பாடம் நடத்துவதற்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது.

அந்தப் பாடத்தை இங்கேயே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பின்னால் வருவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஃபுஜியின் உயரம் 3,776 மீட்டர். எடோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் இரண்டு பாகைதான் எழும். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் படுக்கவைத்தால் விரலின் தடிமனுக்குள் மலை அடங்கிவிடும். அடுத்தது முக்கியம். சமதளத் தெருவின் கோடுகள் எல்லாம் பார்ப்பவரின் கண்மட்டத்தில், அடிவானத்தில், ஒரு புள்ளியில் கூடும், அதுதான் மறைபுள்ளி. தெரு ஃபுஜியை நோக்கிப் போகிறது என்றால் அந்தப் புள்ளி மலையின் அடிவாரத்தில்தான் விழவேண்டும். ஆக, விதிப்படி வரைந்தால் சுருகாச்சோவின் ஃபுஜி மறைபுள்ளியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முக்கோணம். இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அப்படி வரையவில்லை.

கடைக்குள்ளே: மசநோபு, டொயோஹாரு

மேற்கத்திய முறை வருவதற்கு முன்னால் ஜப்பானிய ஓவியத்தில் ஆழம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருப்பது தாளில் மேலே போகும், அருகில் இருப்பது கீழே வரும். கட்டடத்தின் பக்கக் கோடுகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாகவே ஓடும், எங்கும் கூடாது. இடையில் மேகப் பட்டைகளை விட்டு ஒரு காட்சியை இன்னொரு காட்சியிலிருந்து பிரிப்பார்கள். பார்ப்பவருக்கு நிலையான ஓர் இடம் கிடையாது. நீளமான சுருளை விரித்துக்கொண்டே பார்க்கும் பழக்கத்துக்கு இது மிகப் பொருத்தமான முறை.

1720ல் ஷோகன், அதாவது நாட்டின் இராணுவ ஆட்சியாளர், யோஷிமுனே, கிறிஸ்தவம் சாராத வெளிநாட்டு நூல்கள் மீதான தடையைத் தளர்த்தினார். நாகசாகி துறைமுகம் வழியாக டச்சுக்காரர்களின் நூல்களும் செதுக்கோவியங்களும் வந்தன. சீனாவின் சூசோ நகரத்து அச்சோவியங்களும் வந்தன. அவற்றில் ஐரோப்பியக் கோட்டுமுறை ஏற்கெனவே கலந்திருந்தது. 1740ஐ ஒட்டி ஒகுமுரா மசநோபு போன்றவர்கள் ‘உகி-ஏ’ என்ற புதுவகை அச்சோவியங்களை வெளியிடத் தொடங்கினார்கள். தாளிலிருந்து காட்சி எழும்பி நிற்பதுபோல் தெரியும் படங்கள். மசநோபு தன் தாள்களில் ‘உகி-ஏயின் மூலவர்’ என்று தன்னையே குறிப்பிட்டுக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட இடங்கள் கபுகி நாடக அரங்கு, விருந்துக்கூடம், அப்புறம் எச்சிகோயா கடையின் உட்புறம். ஏன் எல்லாம் கட்டடத்துக்குள்ளேயே? உத்தரம், தூண், பாய் விரித்த தரை, நெகிழ்கதவு என்று ஜப்பானியக் கட்டடம் முழுக்க நேர்கோடு. அளவுகோலை வைத்து ஒரு புள்ளிக்கு இழுத்தால் ஆழம் தானாக வந்துவிடும். மரமும் மேடும் வளைந்த கரையும் அப்படி இழுபடாது. அதனால்தான் அக்காலத்து உகி-ஏ பலவற்றில் கூடத்துக்குள் கோடுகள் ஒழுங்காகக் குவியும். கதவுக்கு வெளியே தெரியும் தோட்டமோ ஆறோ பழைய முறையிலேயே மேல்நோக்கி அடுக்கியிருக்கும். ஒரே தாளில் இரண்டு விதிகள்.

1760களின் இறுதியில் உடகாவா டொயோஹாரு அதே எச்சிகோயாவின் உட்புறத்தை வரைந்தார். கோடுகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. கூரை உத்தரங்களின் வரிசை பார்வையைக் கடையின் கோடிக்கு இழுத்துப்போகிறது. ஆனால் டொயோஹாருவை முக்கியமானவராக்கியது அவர் வெளியே வந்தது. இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பெருங்கால்வாயை ஓவியர் கனலெத்தோ வரைய, அதை விசென்தினி செப்புத்தகட்டில் செதுக்கினார். அந்தச் செதுக்கோவியத்தின் பிரதி ஒன்று எப்படியோ கைக்கு வர, டொயோஹாரு அதை மரக்கட்டையில் மறுபடி செய்தார். தலைப்பில் அதை ஒரு டச்சுத் துறைமுகம் என்று குறித்தார். எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியவில்லை. கால்வாயின் இரு கரையும் எப்படிச் சுருங்கிப் போகின்றன, நீரில் படகுகள் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகின்றன என்பது தெரிந்துவிட்டது. கோடு கோடாகப் பார்த்து நகலெடுத்துக் கற்ற பாடம் அது. பின்னால் ஜப்பானின் ஆறுகளையும் தெருக்களையும் கோயில் வளாகங்களையும் அவர் வரைந்தபோது அடிவானம் தாளில் கீழே இறங்கியிருந்தது, வானம் பெரிதாகியிருந்தது. நிலக்காட்சி அச்சோவியத்துக்கு வாசல் திறந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். டொயோஹாருவின் மாணவர் டொயோஹிரோ. டொயோஹிரோவின் மாணவர் ஹிரோஷிகே. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் லென்ஸும் கண்ணாடியும் வைத்த பார்வைப்பெட்டிகளுக்கான படங்களும், ஷிபா கோக்கன் 1783ல் செய்த செப்புத்தகட்டு அச்சும், அகிதா பிரபு சதாகே ஷோசான் 1778ல் எழுதிய ஓவியக் கட்டுரைகளும் வந்தன. ஒவ்வொன்றும் தனிக் கதை. நமக்கு வேண்டியது இதுதான்: 1800க்குள் பெர்ஸ்பெக்டிவ் எடோவில் புதுமையாக இல்லை, ஓவியம் தொழிலாகச் செய்பவர் எவரும் அறிந்த சங்கதி.

ஹொக்குசாய்: தெருவை எடுத்துவிட்டார்

ஹொக்குசாய் இந்த முறையை நன்றாகவே படித்தவர். இளமையில் உகி-ஏ வரைந்திருக்கிறார். 1800களின் தொடக்கத்தில் படத்தைச் சுற்றிச் சட்டம் வரைந்து, நிழல் தீட்டி, தன் பெயரை டச்சு எழுத்துபோல் கிடைமட்டமாக எழுதி, ஐரோப்பியச் செதுக்கோவியம் என்றே நினைக்கவைக்கும் நிலக்காட்சிகளைச் செய்தார். 1815ல் வந்த ‘மங்கா’ என்ற தன் சித்திரப் புத்தக வரிசையின் மூன்றாம் தொகுதியில் தாளை மூன்றாகப் பகுத்துப் பெர்ஸ்பெக்டிவ் கோடுகளைப் போடும் முறையைப் படத்துடன் விளக்கியிருக்கிறார். அரைகுறைக் கல்வி என்ற பேச்சு இந்த ஆளுக்குப் பொருந்தவே பொருந்தாது.

1831ஐ ஒட்டி, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சிக்காக ‘ஃபுஜியின் 36 காட்சிகள்’ வரிசையைச் செய்தார். அதில் ஒன்று சுருகாச்சோவின் மிட்சுயி கடை. இந்தத் தாளைச் சற்று நேரம் பார்க்கவேண்டும்.

முதலில் படுவது, தெரு இல்லை. தரையே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இரு பக்கமும் கடைகளின் மேல்தளமும் கூரையும் மட்டும். வலப்பக்கக் கூரைச் சரிவில் மூன்று வேலையாட்கள். கீழே இருப்பவர் கட்டாகக் கட்டிய ஓடுகளைத் தூக்கிப் போடுகிறார், மேலே இருப்பவர் பிடிக்கத் தயாராக இருக்கிறார். ரொக்க விற்பனைப் பலகை தொங்குகிறது. வானத்தில் பட்டங்கள், அதாவது புத்தாண்டுக் காலம். ஒரு பட்டத்தில் நீடுவாழ்வைக் குறிக்கும் எழுத்து. பதிப்பாளரின் கடைப்பெயரான எய்ஜுதோவிலும் அந்த எழுத்து உண்டு. வாழ்த்தும் விளம்பரமும் ஒரே பட்டத்தில் பறக்கின்றன. இரு கூரைகளுக்கும் நடுவில் பனி போர்த்திய ஃபுஜி.

தரையை எடுத்ததன் விளைவு என்ன? தெருவின் கோடுகள் போய்ச் சேரும் அடிவானம் தாளின் அடிப்பக்கத்துக்கு ஒதுங்கிவிட்டது. உகி-ஏயில் எல்லாரும் ஆசையாகக் காட்டிய அந்த நீண்ட தரை, மறைபுள்ளியை நோக்கிச் சுருங்கும் தரை, இங்கே கிடையாது. ஆனால் அண்ணாந்து பார்க்கும் கண்மட்டம் இருக்கிறது. அருகிலிருக்கும் கூரை பிரம்மாண்டமாகவும் தூரத்து மலை சிறியதாகவும் தெரியும் அளவுவேறுபாடு இருக்கிறது. இரண்டும் பெர்ஸ்பெக்டிவ் கற்றுத்தந்தவை. ஆழத்தைக் கோடுகளின் குவிப்பில் காட்டாமல், பெரிய முக்கோணத்துக்கு அருகில் சிறிய முக்கோணத்தை வைத்துக் காட்டுகிறார். கூரையின் முக்கோணமும் மலையின் முக்கோணமும் ஒரே வடிவமாக இருப்பதால், தூரம் அந்த அளவுவேறுபாட்டிலேயே புரிந்துவிடுகிறது.

இது திட்டமிட்ட முடிவு என்பதற்கு அதே வரிசையில் சான்று உண்டு. சுருகாச்சோவிலிருந்து சில நிமிட நடையில் நிஹோன்பாஷி பாலம். அங்கிருந்து வரைந்த தாளில் கால்வாயின் இரு கரையிலும் பண்டகசாலைகள் வரிசையாகக் குவிந்து ஓடுகின்றன, பாடப்புத்தகத்தில் போடலாம் என்கிற அளவுக்கு. ஆனால் ஃபுஜி அந்தக் குவிப்பின் முடிவில் இல்லை. இடப்பக்கம் தள்ளித் தனியாக நிற்கிறது. கோடுகள் ஒரு பக்கம் இழுக்கும், மலை இன்னொரு பக்கம் இழுக்கும். ஐநூறு அர்ஹத் (புத்தரின் ஞானமடைந்த சீடர்கள்) கோயிலின் மேல்மாடத் தாளிலோ நேர் எதிராக, தரைப்பலகைகளும் கூரையும் அங்கே நிற்பவர்களின் பார்வையும் சேர்ந்து கண்ணை ஃபுஜி பக்கமாகவே கொண்டுபோகின்றன. வேண்டும்போது இணைத்தார், வேண்டாதபோது பிரித்தார். மறைபுள்ளி ஒரு கருவி. படத்தின் தலைவன் எங்கே நிற்பது என்பதை அது தீர்மானிக்க அவர் விடவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

நீலத்தையும் சொல்லவேண்டும். பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பிரஷ்ய நீலம் 1820களின் இறுதியில் எடோவில் அச்சோவியத்துக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. ஜப்பானியர்கள் அதை ‘பெரோ-ஐ’ என்றார்கள். முந்தைய தாவர நீலங்களைவிட மங்காதது, நீர்விட்டு இளக்கினால் சீராக வெளிறுவது. இந்த வரிசையின் முதல் 36 தாள்களில் வெளிக்கோடுகளையே கருப்புக்குப் பதில் நீலத்தில் அச்சிட்டார்கள்; பின்னால் சேர்த்த 10 தாள்களில்தான் கருப்பு. நீலக் கோடு கண்ணில் குத்தாது. காற்று நடுவில் இருப்பதுபோன்ற உணர்வைத் தரும். தூரத்தைக் கோட்டால் மட்டுமல்லாமல் நிறத்தாலும் காட்டும் வழி இப்படித் திறந்தது.

கட்டையின் பங்கு

ஓவியர் மட்டும் இதைச் செய்யவில்லை. அவர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அந்தத் தாளை முகம் கவிழ்த்து மலைச்செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுச் சுற்றிலும் கத்தியால் எடுப்பார். மூலச் சித்திரம் அத்தோடு அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பரப்பு செதுக்கவேண்டும். தாள் இம்மியும் நகராமல் விழ, பலகையின் மூலையிலும் ஓரத்திலும் வெட்டிய அடையாளங்கள் உண்டு. அச்சு எந்திரம் கிடையாது. அச்சிடுபவர் மூங்கில் உறை சுற்றிய வட்டத் தேய்ப்பானைக் கையால் அழுத்தித் தேய்த்து எடுப்பார்.

ஐரோப்பியச் செப்புத்தகட்டில் மெல்லிய கோடுகளை நெருக்கமாகப் போட்டுப் போட்டு நிழலைக் கொண்டுவரலாம். மரக்கட்டையில் அந்த நெருக்கம் வராது; வந்தாலும் செலவு தாங்காது. எனவே நிழலும் காற்றும் வேறு வழியில் வரவேண்டியிருந்தது. அந்த வழி ‘பொகாஷி’. ஈரப்படுத்திய பலகையில் ஒரு பக்கம் நிறத்தை வைத்து, மறுபக்கம் போகப் போக நீரோடு கரையும்படி தூரிகையால் இழுத்துவிட்டு, அந்த ஈரத்திலேயே தாளைப் போட்டு எடுப்பார்கள். வானத்தின் உச்சியில் அடர்நீலப் பட்டை கீழே வர வர வெளுத்து அடிவானத்தில் கரைவது இப்படித்தான். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்யவேண்டும். அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் ஒரே மாதிரி இருக்காது. தொலைவு வெளிறித் தெரியும் என்ற விதி எடோவில் அச்சிடுபவரின் கைப்பழக்கமாக மாறியது. பெயர் தாளில் வராத அந்தக் கைகளைச் சொல்லாமல் இந்தப் படங்களின் ஆழத்தைப் பேசுவது நியாயமில்லை.

ஹிரோஷிகே: மேகத்தைப் போட்டார்

1856ல் ஹிரோஷிகே தன் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசைக்காக அதே தெருவை வரைந்தார். பதிப்பாளர் உவோயா எய்கிச்சி. ஹொக்குசாய் அகலவாக்கில் வைத்த தாளை ஹிரோஷிகே செங்குத்தாக நிறுத்தினார். அவர் தெருவை எடுக்கவில்லை. முழுத் தெருவையும் சற்று உயரத்திலிருந்து காட்டினார். இரு பக்கமும் எச்சிகோயாவின் வாசல் திரைத்துணிகள், ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் கிணற்றுச் சட்டமும் அதற்குள் மூன்று என்ற எண்ணும் கொண்ட மிட்சுயி சின்னம். கடைவீதிக்கே உரிய ஜனங்கள். தாத்தா குருவான டொயோஹாருவின் பாடப்படி கோடுகள் சுத்தமாகக் குவிகின்றன.

குவிகிற இடத்துக்கு வந்ததும் மேகம். பழைய சுருளோவியங்களில் வரும் அதே மேகப் பட்டை, தாளின் நடுவில் தெருவின் கோடியை மூடிவிடுகிறது. அதற்கு மேலே, மேல்பாதியை நிறைத்துக்கொண்டு, ஃபுஜி.

ஓர் அளவுகோலை எடுத்து இரு பக்கக் கூரைகளின் விளிம்பையொட்டி வைத்துப் பாருங்கள். கோடுகள் மேகத்துக்குள் போய்விடும். மலை அதற்கு எவ்வளவோ மேலே, விதிப்படி இருக்கவேண்டியதைப்போல் பல மடங்கு பெரிதாக நிற்கும். மேகம் இல்லாமலிருந்தால் இரண்டு அளவுகளும் மோதியிருக்கும். தெரு உண்மை, மலை பொய் என்று கண் உடனே கண்டுபிடித்திருக்கும். மேகம் நடுவில் வந்ததும் கீழ்ப்பாதி ஒரு விதிக்கும் மேல்பாதி இன்னொரு விதிக்கும் கட்டுப்பட்டு அமைதியாக இருக்கின்றன. கீழே டச்சுக்காரர் வழி வந்த தெரு, மேலே சுருளோவியம் வழி வந்த மலை. மசநோபுவின் காலத்தில் இரண்டு விதிகள் ஒரே தாளில் இருந்தது தவிர்க்க முடியாமல் நேர்ந்தது. ஹிரோஷிகேயிடம் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

வேண்டுமென்றே என்று எப்படிச் சொல்கிறேன்? அதே 1856ல், அதே வரிசையில், சாருவாகாச்சோ என்ற அரங்கத் தெருவின் இரவுக்காட்சியை வரைந்திருக்கிறார். முழுநிலவு. தெரு ஒரே புள்ளியில் குவிகிறது. மேகம் எதையும் மறைக்கவில்லை. அதோடு, நடந்துபோகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தரையில் நிழல் விழுகிறது. தரையில் விழும் நிழல் இந்த அச்சோவியங்களில் மிக அரிது. மேற்கத்திய முறையின் இரண்டு கூறுகளையும் முழுமையாகக் கையாளத் தெரிந்தவர்தான் சுருகாச்சோவில் மேகத்தைப் போட்டார். சாருவாகாச்சோவில் காட்சியே தெருதான், ஆகவே கோடுகள் முழுதாக ஓடலாம். சுருகாச்சோவில் மலை இருக்கிறது. எடோ மக்களுக்கு அந்த மலை கட்டைவிரல் தடிமனுக்குச் சுருங்குகிற மலை கிடையாது. வணங்கும் மலை, கூட்டங்கூட்டமாக யாத்திரை போகும் மலை. அதை அடிவானத்துப் புள்ளியாக விட அவருக்கு மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

இந்த வரிசையின் வேறு தாள்களில் அவர் அளவுவேறுபாட்டை எல்லைவரை கொண்டுபோனார். ஹனேதாவில் படகோட்டியின் ரோமம் அடர்ந்த காலுக்கும் கைக்கும் இடையில் கோயில் தெரிகிறது, ஷின்ஜுகுவில் குதிரையின் பின்பக்கத்துக்கு அப்பால் தெரு. ஹொக்குசாயின் கூரையும் மலையும் தொடங்கிவைத்ததன் தொடர்ச்சி அது. ஐரோப்பிய ஓவியர்கள் பின்னாளில் வியந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். 1887ல் வான் கோக் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்த கமேய்தோ பிளம் மரமும் ஓஹாஷி பாலத்து மழையும் இதே வரிசைத் தாள்கள்.

கியோச்சிகா: விதி முழுமையாக வந்தபோது

ஐந்தாவது தாள் மெய்ஜி காலத்தது, அதாவது ஷோகன் ஆட்சி முடிந்து 1868ல் பேரரசரின் ஆட்சி தொடங்கிய பிறகு வந்தது. எடோ டோக்கியோ ஆகிவிட்டது. புகைப்படம் வந்துவிட்டது, தெருவில் ரிக்ஷா ஓடுகிறது. 1876 முதல் கோபயாஷி கியோச்சிகா ஒளியும் நிழலும் முதன்மையான நகரக் காட்சிகளை வெளியிட்டார். 1870களின் இறுதியில் அவர் செய்த சுருகாச்சோ பனிக்காட்சியில் கண்மட்டம் தெருவில் நடக்கும் மனிதருடையது. அளவுகள் சரி, தூரம் சரி, பனி நாளின் சாம்பல் வெளிச்சமும் சரி. முன்னால் எச்சிகோயாவின் வாசல் திரைத்துணி இன்னும் தொங்குகிறது. பின்னால் எழுந்து நிற்பது 1874ல் மிட்சுயி குழுமம் கட்டிமுடித்த, மேற்கத்திய பாணி கலந்த உயர்ந்த மாளிகை. 1876ல் தொடங்கிய மிட்சுயி வங்கி அங்கேதான் இயங்கியது.

ஃபுஜி படத்தில் இல்லை. பனி பெய்யும் நாளில் தெரியாது என்பது நேர்மையான காரணம். கியோச்சிகாவின் முறையில் கண் பார்க்காததைத் தாளில் வைக்க இடமில்லை. ஹொக்குசாய்க்கும் ஹிரோஷிகேக்கும் அந்த இடம் இருந்தது. இந்தத் தாள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, அந்தக் குளிரைக் கியோச்சிகாவைப்போல் அச்சில் பிடித்தவர்கள் குறைவு. ஆனால் பெர்ஸ்பெக்டிவ் விதியை முழுமையாக ஏற்றவர் கையில் இந்தத் தெரு எப்படி வரும் என்பதற்கும் அதுவே சாட்சி. மலை நின்ற திசையில் இப்போது நிற்பது வங்கி.